கால்பந்து நினைவுக் குறிப்புகளும் கிளப் வரலாறுகளும்: ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகன். 1999 மே 26 அன்று பார்சிலோனாவில் பயர்ன் மியூனிக்கை எதிர்த்து இஞ்சுரி டைமில் ஷெரிங்ஹாமும் சோல்ஷாரும் அடுத்தடுத்து கோல் போட்டபோது நம் ஊரில் இரவு இரண்டு மணி இருக்கும். வீட்டில் எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்ததால் சத்தம் போடக்கூட முடியவில்லை. அன்றிலிருந்து இந்தக் கிளப்பைப் பற்றிக் கையில் கிடைக்கும் புத்தகங்களை எல்லாம் படித்து வருகிறேன். நண்பர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்கள் பெரும்பாலும் யுனைடெட்டைச் சுற்றியே இருக்கும். எனக்கு நன்றாகத் தெரிந்த வீடு அதுதான்.

ஆட்டத்தை டிவியில் பார்க்கிறோம், கோல்கள் எல்லாம் யூடியூபில் கிடக்கின்றன. புத்தகம் எதற்கு?

கேமரா பந்தின் பின்னால்தான் போகும். அந்த 1999 இறுதி ஆட்டத்தில் கேப்டன் ராய் கீன் ஆடவில்லை. மஞ்சள் அட்டைகளால் தடை. அணியை அரையிறுதியில் தோளில் சுமந்து தூக்கி வந்தவர் அவர். கோப்பையைத் தூக்கும்போது சூட் அணிந்து ஓரமாக நின்ற அவருக்கு உள்ளே என்ன ஓடியிருக்கும்? வீடியோவை நூறு தடவை ஓட்டினாலும் அது தெரியாது. கீனின் புத்தகத்தைப் படித்தபோதுதான், எனக்குத் திருவிழாவாக இருந்த அந்த இரவு அவருக்கு எவ்வளவு வெறுமையாக இருந்தது என்று புரிந்தது. அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?

உங்களுக்குப் பிடித்த கிளப்பில் தொடங்குங்கள். யுனைடெட் என்றால் அதன் மேனேஜராக இருந்த அலெக்ஸ் ஃபெர்குசன் 1999-இல் வெளியிட்ட 'மேனேஜிங் மை லைஃப்'. பலரும் நேராகக் கோப்பைகள் வரும் அத்தியாயத்துக்குத் தாவிவிடுவார்கள். தாவாதீர்கள். கிளாஸ்கோ நகரின் கோவன் பகுதி, கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்த அப்பா, தொழிற்சாலையில் பயிற்சித் தொழிலாளியாக இருந்தபோது நடந்த வேலைநிறுத்தம், ரேஞ்சர்ஸ் அணிக்காக ஆடிய 1969 ஸ்காட்டிஷ் கோப்பை இறுதியில் செல்டிக்கிடம் 4-0 என்று தோற்று, முதல் கோலுக்கான பழியை அவர் சுமந்தது என்று முன்பகுதி முழுக்க ஒரு மனிதன் உருவாகும் கதை. பின்னாளில் அவர் ஏன் யாருக்கும் வளைந்து கொடுக்கவில்லை என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.

குறிப்பிட்ட கிளப் என்று மனதில் ஒன்றும் இல்லையென்றால் நிக் ஹார்ன்பியின் 'ஃபீவர் பிட்ச்' (1992). அர்செனல் ரசிகர் ஒருவர் தன் வாழ்க்கையை ஆட்டம் ஆட்டமாகச் சொல்லும் புத்தகம் இது. எழுதியவர் வீரரும் இல்லை, பயிற்சியாளரும் இல்லை. பார்வையாளர் வரிசையில் நின்றவனின் வாழ்க்கையும் ஒரு புத்தகம்தான் என்று அது காட்டியது.

வீரர்கள் உண்மையிலேயே தாங்களே எழுதுகிறார்களா?

பெரும்பாலும் இல்லை. உட்கார்ந்து பேசுவார்கள், ஒரு பத்திரிகையாளரோ எழுத்தாளரோ அதை எழுதுவார். கோஸ்ட் ரைட்டர் என்பார்கள். சில புத்தகங்களில் அட்டையிலேயே அவர் பெயர் சின்னதாக இருக்கும், சிலவற்றில் நன்றியுரையில்தான் தேட வேண்டும். வாங்குவதற்கு முன் அந்தப் பெயரைப் பாருங்கள் என்றுதான் எல்லோரிடமும் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் காதில் விழப்போகும் குரலில் பாதி அவருடையது. ஃபெர்குசனின் 1999 புத்தகத்தில் உடன் உழைத்த ஹியூ மெக்கில்வனி ஸ்காட்லாந்தின் மிகச் சிறந்த விளையாட்டு எழுத்தாளர்களில் ஒருவர். அந்தக் கனம் வரிகளில் தெரிகிறது. கீனின் முதல் புத்தகத்தை எழுதியவர் எமன் டன்ஃபி, முன்னாள் வீரர், கோபக்காரர். 2014-இல் வந்த இரண்டாவது புத்தகமான 'தி செகண்ட் ஹாஃப்'-ஐ எழுதியவர் நாவலாசிரியர் ராடி டாயில். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் ஒரே கீன் இரண்டு ஆட்களாகத் தெரிவார். முதலாமவர் பொருமுகிறார், இரண்டாமவர் தன்னைத் திரும்பிப் பார்க்கிறார். வயதும் ஒரு காரணம், எழுதிய கையும் ஒரு காரணம்.

இது வெறும் நடை சம்பந்தப்பட்ட விஷயமில்லை. 2001 ஏப்ரலில் மான்செஸ்டர் டெர்பியில், அதாவது ஒரே ஊர் அணிகளான யுனைடெட்டும் சிட்டியும் மோதிய ஆட்டத்தில், சிட்டி வீரர் ஆல்ஃபி ஹாலண்டின் முழங்காலில் கீன் மோசமாக இடித்தார். (இன்றைய எர்லிங் ஹாலண்டின் அப்பாதான் அவர்.) அது பழைய பகைக்குத் தீர்த்த கணக்கு என்கிற தொனியில் 2002 புத்தகத்தில் வந்ததும் இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் விசாரணை வைத்தது. அந்த வார்த்தைகள் கீன் அப்படியே சொன்னவை அல்ல, எழுதியவர் தன் நடையில் போட்டவை என்று வாதாடினார்கள். எடுபடவில்லை. 5 ஆட்டங்கள் தடை, 1,50,000 பவுண்ட் அபராதம்.

ஸ்வீடன் வீரர் ஸ்லாட்டான் இப்ராஹிமோவிச்சின் புத்தகத்தை எழுதிய டேவிட் லாகர்கிரான்ட்ஸ், அதில் வரும் பேச்சுகள் சொல்லுக்குச் சொல் பதிவு செய்தவை அல்ல, அவருடைய குரலை இலக்கியமாக உருவாக்கினேன் என்று பின்னால் வெளிப்படையாகச் சொன்னார். அதனால் அந்தப் புத்தகத்தை ஒதுக்க வேண்டியதில்லை. மால்மோவின் புறநகர்க் குடியிருப்பில் வளர்ந்த சிறுவனின் கதையாக அது அருமையான புத்தகம். ஆனால் மேற்கோள் குறிக்குள் இருப்பதை எல்லாம் நடந்த உரையாடல் என்று எடுத்துக்கொண்டு நண்பர்களிடம் வாதாடாதீர்கள்.

பத்திரிகையில் முக்கியமான பகுதிகள் வந்துவிடுகின்றனவே, அது போதாதா?

போதாது. பதிப்பகம் புத்தகத்தின் சில பக்கங்களைப் பத்திரிகைக்கு விற்கும். பத்திரிகை வாங்குவது எப்போதும் சண்டை உள்ள பக்கங்களைத்தான். யுனைடெட்டின் தடுப்பாட்ட வீரர் யாப் ஸ்டாமுக்கு 2001-இல் நடந்தது இதற்கு உதாரணம். அவருடைய 'ஹெட் டு ஹெட்' புத்தகத்தின் பகுதிகள் ஆகஸ்டில் வெளிவந்தன. தன் பழைய கிளப்பான பிஎஸ்வியிடம் அனுமதி கேட்காமல் ஃபெர்குசன் தன்னிடம் பேசினார் என்பதும், சக வீரர்களைப் பற்றிய சில கேலிகளும்தான் தலைப்புச் செய்தியாயின. அதே மாதம் அவர் இத்தாலியக் கிளப்பான லாட்சியோவுக்கு விற்கப்பட்டார். விற்றதற்குப் புத்தகம் காரணமில்லை, அந்த வயதில் அவருக்கு வந்த விலைதான் காரணம் என்று ஃபெர்குசன் சொன்னார். விற்றது தவறு என்றும் பின்னாளில் ஒப்புக்கொண்டார். முழுப் புத்தகத்தையும் படித்தால் அதில் வன்மம் இல்லை. மனதில் பட்டதை நேராகச் சொல்லும் ஒரு டச்சுக்காரர்தான் தெரிகிறார்.

ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாக எழுதுகிறார்கள். யாரை நம்புவது?

இந்த வாசிப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான். யாரை நம்புவது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள்.

சார்ல்டன் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வடகிழக்கு இங்கிலாந்தில் ஆஷிங்டன் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். அப்பா சுரங்கத் தொழிலாளி. 1966 உலகக் கோப்பையை வென்ற அணியில் இரண்டு மகன்களும் இருந்தார்கள்: அண்ணன் ஜாக், தம்பி பாபி. அம்மா சிஸ்ஸி 1988-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். ஜாக்கின் சுயசரிதை 1996-இல் வந்தது. அம்மாவை முன்னிட்டுத் தனக்கும் தம்பிக்கும் நடுவில் விழுந்த விரிசலை அவர் மறைக்காமல் எழுதினார். பாபி பல வருடம் வாய் திறக்கவில்லை. 2007-இல் 'மை மான்செஸ்டர் யுனைடெட் இயர்ஸ்' வந்தபோதுதான் தன் பக்கத்தைச் சொன்னார்.

ஒரே வீடு, மூன்று புத்தகங்கள். அம்மாவின் பக்கங்களில் பிள்ளைகள் இருவரும் இன்னும் சின்னப் பையன்கள். ஜாக் பேச்சு வழக்கில் போட்டு உடைக்கிறார். பாபி ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து வைக்கிறார். பாபி உயிர் பிழைத்த 1958 மியூனிக் விமான விபத்துக்குப் பிறகு தம்பி பழைய ஆளாக இல்லை என்பது அண்ணனின் எண்ணம். அந்த விபத்து உள்ளே என்ன செய்தது என்பதைத் தம்பியின் புத்தகத்தில்தான் தெரிந்துகொள்ள முடியும். ஒன்றை மட்டும் படித்திருந்தால் ஒருவர் பக்கம் சாய்ந்திருப்பேன். மூன்றையும் படித்தபின் சாய முடியவில்லை, மூவருக்காகவும் மனசு கனத்தது. 2008-இல் பிபிசி விழாவில் தம்பிக்கு வாழ்நாள் சாதனை விருதைக் கொடுத்தது அண்ணன் ஜாக்தான். இந்தப் புத்தகங்களைப் படித்துவிட்டு அந்த வீடியோவைப் பாருங்கள்.

ஒரு நடைமுறை உதவி: ஒவ்வொரு புத்தகத்திலும் அது அச்சான வருடத்தை முதலில் பாருங்கள். ஃபெர்குசனின் 1999 புத்தகம் வந்தபோது அவர் இன்னும் மேனேஜர். பெக்கமும் கீனும் அவருடைய அணியில் இருந்தார்கள். 2013-இல் 'மை ஆட்டோபயோகிராஃபி' வந்தபோது அவர் ஓய்வு பெற்றாகிவிட்டது, இருவரும் கிளப்பை விட்டுப் போய் வருடங்கள் ஆகியிருந்தன. இரண்டிலும் பேசுவது ஒரே ஆள்தான். ஆனால் முதலாவதில் நாளைக்கும் அதே டிரஸ்ஸிங் ரூமுக்குள் போக வேண்டியவர் பேசுகிறார்.

மியூனிக் விபத்தைப் பற்றி நிறையப் புத்தகங்கள் இருக்கின்றன. எதைப் படிப்பது?

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 1958 பிப்ரவரி 6. பெல்கிரேடில் ரெட் ஸ்டாருடன் 3-3 என்று ஆடிவிட்டுத் திரும்பிய யுனைடெட் அணியின் விமானம் எரிபொருளுக்காக மியூனிக்கில் இறங்கியது. மூன்றாவது முறை மேலே எழும்ப முயன்றபோது ஓடுபாதையைத் தாண்டி மோதியது. இறந்தவர்கள் 23 பேர், அவர்களில் 8 பேர் வீரர்கள். 21 வயது டங்கன் எட்வர்ட்ஸ் மருத்துவமனையில் 15 நாள் போராடி இறந்தார். விமானம் புறப்படாது, நாளைதான் வருகிறேன் என்று தான் தங்கியிருந்த வீட்டு அம்மாவுக்கு அன்று அவர் தந்தி கொடுத்திருந்தார்.

முதலில் ஃபிராங்க் டெய்லரின் 'தி டே எ டீம் டைட்' (1960). அணியோடு பயணம் செய்த விளையாட்டு நிருபர்களில் உயிர் பிழைத்தவர் அவர் ஒருவர்தான். காயம் ஆறாத கையால் எழுதிய புத்தகம். அடுத்தது கோல்கீப்பர் ஹாரி கிரெக்கின் 'ஹாரிஸ் கேம்' (2002). நொறுங்கிய விமானத்திலிருந்து வெளியே வந்தவர், வெடிக்கப்போகிறது ஓடு என்ற சத்தத்தையும் மீறி மறுபடி உள்ளே போய் ஒரு குழந்தையையும் கர்ப்பிணியான அதன் தாயையும் வெளியே கொண்டுவந்தார். நாற்பது வருடத்துக்கு மேல் கழித்து எழுதும்போதும் தன்னை நாயகன் என்று சொல்வதை அவர் விரும்பவில்லை. அப்புறம் பாபி சார்ல்டன். பின்பக்கம் பாதுகாப்பு என்று நினைத்து டாமி டெய்லரும் டேவிட் பெக்கும் இடம் மாறிப்போய் இறந்த கதை அவருக்கு வெறும் தகவல் இல்லை. அந்த முன் இருக்கைகளில் ஒன்றில் உட்கார்ந்து பிழைத்தவர் அவர்.

இத்தோடு நிறுத்தினால் பாதிக்கதைதான். அந்த விமானத்தின் விமானி கேப்டன் ஜேம்ஸ் தெய்னைப் பற்றித் தேடிப் படியுங்கள். இறக்கைகளில் பனிக்கட்டி படிந்திருந்ததைக் கவனிக்கவில்லை என்று ஜெர்மன் விசாரணை அவர் மேல் பழி போட்டது. வேலை போனது. கோழிப்பண்ணை நடத்திக்கொண்டே தன் பெயருக்காக வருடக்கணக்கில் போராடினார். ஓடுபாதையில் கிடந்த உருகிய பனிச்சேறுதான் வேகத்தைக் குறைத்தது என்று 1969-இல் பிரிட்டிஷ் விசாரணை சொல்லி அவரை விடுவித்தது. 1975-இல் இறந்துவிட்டார். ஆகவே 1960-களில் அச்சான ஒரு பழைய யுனைடெட் வரலாறு கையில் கிடைத்தால், விபத்துக்கான காரணம் என்று அதில் இருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜெஃப் கானரின் 'தி லாஸ்ட் பேப்ஸ்' (2006) இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. உயிர் பிழைத்தும் மறுபடி ஆட முடியாமல் போன ஜானி பெர்ரி, ஜாக்கி பிளாஞ்ச்ஃபிளவர் போன்றவர்களையும் இறந்தவர்களின் குடும்பங்களையும் கிளப் எப்படி நடத்தியது என்ற கேள்வி அது. ரசிகனுக்குக் கசக்கும். நான் நடுவில் இரண்டு முறை மூடி வைத்தேன். ஆனாலும் யுனைடெட்டை நேசிக்கிறேன் என்று சொல்பவர்கள் இதைப் படிக்க வேண்டும் என்பதே என் எண்ணம்.

கிளப்பே வெளியிடும் அதிகாரபூர்வ வரலாறு நல்லதா, வெளியாள் எழுதியது நல்லதா?

படங்களுக்கும் ஆவணங்களுக்கும் அதிகாரபூர்வப் புத்தகம். 1958 பிப்ரவரி 19, விபத்துக்குப் பிறகான முதல் ஆட்டம்: ஷெஃபீல்ட் வென்ஸ்டேக்கு எதிரான அந்தக் கோப்பை ஆட்டத்தின் நிகழ்ச்சித் தாளில் யுனைடெட் வீரர்களின் பதினோரு இடங்களும் வெற்றாக விடப்பட்டிருந்தன. அந்தப் பக்கத்தின் படத்தைப் பெரிய அளவில் பார்த்தது என்னால் மறக்க முடியாதது. கேள்வி கேட்கும் எழுத்து வேண்டுமென்றால் வெளியாள்.

கிளப் பிறந்த கதை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதை வைத்தே நான் ஒரு வரலாற்றை எடைபோடுவேன். 1878-இல் ரயில்வே தொழிலாளர்கள் தொடங்கிய நியூட்டன் ஹீத் அணி 1902-இல் 2,670 பவுண்ட் கடனில் மூழ்கியது. கேப்டன் ஹாரி ஸ்டாஃபோர்டின் செயின்ட் பெர்னார்ட் நாய் மேஜர், நிதி திரட்டும் சந்தையில் கழுத்தில் உண்டியலோடு சுற்றியபோது காணாமல் போனது. அது மதுபான ஆலை முதலாளி ஜான் ஹென்றி டேவிஸ் கையில் போய்ச் சேர, அந்த அறிமுகத்தில் அவர் கிளப்பைக் காப்பாற்றினார் என்பது கதை. அழகான கதைதான். ஆனால் நாய் எப்படி அவரிடம் போனது என்பது புத்தகத்துக்குப் புத்தகம் மாறும். மான்செஸ்டர் யுனைடெட் என்ற புதுப்பெயரைச் சொன்னது தான்தான் என்று கிளப் ஊழியர் லூயி ரோக்கா பின்னாளில் உரிமை கொண்டாடியதும் அப்படியே. நல்ல வரலாற்றாசிரியர் கதையையும் சொல்லி, எதற்குச் சான்று உண்டு, எது வாய்வழி வந்தது என்றும் சொல்வார். மோசமானவர் நாயை மட்டும் சொல்வார்.

கிளப் வரலாறுகளின் பின்னால் பக்கம் பக்கமாக ஆட்ட முடிவுகளின் அட்டவணைகள் இருக்கின்றனவே, அதையும் படிக்க வேண்டுமா?

படிக்க வேண்டாம், பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். 1974 ஏப்ரல் 27 அன்று யுனைடெட்டின் பழைய ராஜா டெனிஸ் லா, சிட்டி சட்டையில் ஓல்ட் டிராஃபோர்டில் குதிகாலால் கோல் போட்டுத் தன் பழைய கிளப்பை இரண்டாம் டிவிஷனுக்குத் தள்ளினார் என்று இன்றும் சொல்கிறார்கள். அன்றைய மற்ற முடிவுகளைப் பாருங்கள்: பர்மிங்ஹாம் ஜெயித்துவிட்டதால் யுனைடெட் எப்படியும் இறங்கியிருக்கும். லா அந்தக் கோலைக் கொண்டாடவில்லை, தலை குனிந்து நடந்தார்.

எதிரி அணிகளின் புத்தகங்களைப் படிக்கலாமா?

கட்டாயம் படியுங்கள். லிவர்பூல், எவர்டன் இரண்டின் வரலாறுகளிலும் 1892-ஐப் பாருங்கள். ஆன்ஃபீல்டில் ஆடிக்கொண்டிருந்தது எவர்டன். வாடகையையும் கிளப்பில் மதுபான ஆலை முதலாளி ஜான் ஹவுல்டிங்குக்கு இருந்த பிடியையும் பற்றி அவரோடு தகராறு முற்றி அவர்கள் வெளியேறி குடிசன் பார்க் கட்டினார்கள். காலியான மைதானத்துக்காக ஹவுல்டிங் தொடங்கியதுதான் லிவர்பூல். ஒரு வீட்டில் அவர் பேராசைக்காரர், அடுத்த வீட்டில் நிறுவனர்.

ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்த நெரிசலைப் பற்றி யுனைடெட் ரசிகர்கள் படித்தே ஆக வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று அங்கே நெரிசலில் சிக்கி, அன்றும் பின்னாளிலுமாக இறந்த லிவர்பூல் ரசிகர்கள் 97 பேர். குற்றம் ரசிகர்கள் மேல் சுமத்தப்பட்டது. 2012-இல் சுயேச்சைக் குழுவின் அறிக்கையும் 2016-இல் மரண விசாரணை ஜூரியின் தீர்ப்பும் வரும் வரை குடும்பங்கள் அந்தப் பொய்யோடு போராடின. அதைப் படித்த எவரும் மைதானத்தில் அந்த ஊரை இழிவுபடுத்தும் பாட்டைப் பாட மாட்டார்கள். மியூனிக்கைக் கேலி செய்யும் பாட்டு நமக்கு எப்படி வலிக்கிறதோ அதே வலிதான் அவர்களுக்கும்.

இந்தியக் கிளப்புகளைப் பற்றி?

நோவி கபாடியாவின் 'பேர்ஃபுட் டு பூட்ஸ்' (2017) நல்ல வாசல். கொல்கத்தாவின் மோகன் பகான் 1911 ஜூலை 29 அன்று பிரிட்டிஷ் ராணுவ அணியான ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று வென்று ஐஎஃப்ஏ ஷீல்டு கோப்பையைப் பிடித்தது. பதினோரு பேரில் ஒருவர்தான் பூட்ஸ் அணிந்திருந்தார். 1950 உலகக் கோப்பைக்கு நாம் போகாததற்கும் வெறுங்கால்தான் காரணம் என்று ஒரு கதை உண்டு. அது உண்மையில்லை. அன்றைய கேப்டன் சைலன் மன்னாவே பின்னாளில் அதை மறுத்தார். ஒலிம்பிக்ஸ்தான் பெரிது, உலகக் கோப்பை அவ்வளவு முக்கியமில்லை என்று அன்றைய நிர்வாகம் நினைத்ததுதான் விஷயம்.

படித்தபின் பிடித்த வீரரைப் பிடிக்காமல் போய்விட்டால்?

எனக்கு கீன் விஷயத்தில் நடந்தது. ஹாலண்ட் பக்கத்தைப் படித்துவிட்டு அந்தப் புத்தகத்தை அலமாரியின் பின்வரிசையில் வைத்துவிட்டேன். பல வருடம் கழித்து 'தி செகண்ட் ஹாஃப்' வந்தபோது வேண்டாம் என்றுதான் இருந்தேன், நண்பர் ஒருவர் கையில் திணித்தார். அதில் கீன் அந்தச் சம்பவத்துக்குத் திரும்புகிறார், வேலை இழந்த மேனேஜராக வீட்டில் உட்கார்ந்திருந்த நாட்களையும் சொல்கிறார். அவரை மன்னித்தேன் என்று சொல்ல மாட்டேன். இரண்டு புத்தகங்களும் இப்போது முன்வரிசையில் இருக்கின்றன.

விலை அதிகமாக இருக்கிறதே, எங்கே வாங்குவது?

புதிதாக வந்ததும் வாங்காதீர்கள். கால்பந்து சுயசரிதைகள் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கெட்டி அட்டையில் வரும், அடுத்த வருடம் மெல்லிய அட்டையில் பாதி விலைக்கு வரும். பழையதற்குச் சென்னையில் மூர் மார்க்கெட் கடைகளையும் திருவல்லிக்கேணி நடைபாதையையும் பாருங்கள். கடைக்காரரிடம் "ஃபுட்பால் புக்" என்று மட்டும் கேட்டால் பயிற்சிக் கையேட்டை நீட்டுவார். வாழ்க்கை வரலாறு அடுக்கைக் காட்டச் சொல்லி நீங்களே தேடுங்கள். வாங்கும் முன் நடுவில் உள்ள படப் பக்கங்கள் கிழிக்கப்படாமல் இருக்கின்றனவா என்று ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். சுவரில் ஒட்டுவதற்காக அந்தப் பக்கங்களைத்தான் முதலில் எடுத்துவிடுகிறார்கள்.